தம்பிராசாவின் கட்டுப்பல்

பால்மாத் தகரப் பேணியின் மூடியைச் சோமசேகரம் திறந்ததும் அழுகிய பாசி நாற்றம் பட்டறை முழுவதும் பரவியது. ஞானசேகரம் மூக்கைப் பொத்தவில்லை. முப்பது வருடமாக மற்றவர்களின் வாய்க்குள் விரல் விட்டு, அளவெடுத்து, கட்டுப்பல் செய்து கொடுப்பவர் அவர். மூக்கு பழகிவிட்டது. வயிறு பழகவில்லை. மாலையில் நகங்களைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிய பிறகும் அந்தக் கையால் சோறு பிசைய அவருக்கு மனம் வராது. கரண்டியால்தான் சாப்பிடுவார்.

"உம்மட வேலைதானே, ஞானம்?"

பேணிக்குள் ஒரு மேல்வாய்க் கட்டுப்பல் கிடந்தது. நான்கு முன்பற்கள். இரண்டாவது பல் முதலாவதன்மேல் சற்று ஏறியிருந்தது. ரோஸ் நிற அண்ணத்தில் பச்சையாக ஏதோ படர்ந்திருக்க, கம்பிக்கும் பல்லுக்கும் இடையில் உளுந்தளவு சிப்பி ஒன்று ஒட்டியிருந்தது. கையில் எடுக்கும் முன்பே அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எங்கட வேலை மாதிரித்தான் கிடக்கு, ஐயா."

"மாதிரி என்ன மாதிரி? கொட்டியாரக்குடாவில வலையில வந்தது. தம்பிராசான்ர மனுசி குணேஸ்வரி பாத்திட்டா. தன்ர மனுசன்ர பல்லுத்தான் எண்டு சொல்லிப்போட்டா. செய்த நீரும் ஒரு கையெழுத்து வைச்சால் அலுவல் முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை கிரியை செய்யப்போறாவாம். பல்லைத்தான் எரிக்கிறதாம்."

சோமசேகரம் திடீர் மரண விசாரணை அதிகாரி. ஊரில் யாராவது சாகக்கூடாத விதத்தில் செத்தால், எப்படிச் செத்தார் என்று எழுதிக் கையொப்பமிடுவது அவருடைய வேலை. அவருடைய பையில் எப்போதும் ஒரு துப்பறியும் நாவல் இருக்கும்.

"பல்லு மட்டும்தானோ வந்தது?"

சோமசேகரம் வாசலைப் பார்த்தார். "ஒரு எலும்பும் வந்ததாம். தாடையோ தோளோ எண்டு வலை இழுத்தவங்களுக்கே தெரியாது. திரும்பத் தண்ணிக்குள்ள போட்டிட்டாங்கள். எலும்பு வந்த வலையின்ர மீனை ஆர் வாங்குவான் எண்டு என்னட்டையே கேக்கிறாங்கள்."

"அப்ப மீன்?"

"வித்திட்டாங்கள்."

ஞானசேகரம் மீன் சாப்பிடுவதை விட்டு ஒன்றரை வருடமாகிவிட்டது. ஊரில் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். எதைத் தின்ற மீனோ என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கத்தரிக்காய்தான் நல்லது என்பார்கள்.

"ஆறு வருசமா நான் எழுதினதெல்லாம் ஒரே சொல்லு," என்றார் சோமசேகரம். "ஆர் செய்தது? தெரியாது. ஏன் செய்தது? தெரியாது. இந்தக் கதைப் புத்தகங்களில கடைசிப் பக்கத்தில ஒருத்தன் எழும்பி நிண்டு எல்லாத்தையும் சொல்லுவான். எனக்கும் ஒரு கடைசிப் பக்கம் வேணும், ஞானம். ஒண்டே ஒண்டு."

"கழுவிப் பாத்துத்தான் சொல்லலாம், ஐயா. நாளைக்கு வாங்கோ."

சொன்ன உடனே பேணியை மூடினார். இதே இரண்டு சொற்களை, இதே இடத்தில் நின்று, அவர் தம்பிராசாவுக்கும் சொல்லியிருந்தார்.

அது தொண்ணூறாம் ஆண்டு ஆவணி. தம்பிராசா கச்சேரியில், அரசாங்க அதிபர் அலுவலகத்தில், எழுதுவினைஞர். தேநீர் நேரத்தில் யாரோ கொடுத்த எள்ளுருண்டையைக் கடித்ததில் கட்டுப்பல் நடுவில் வெடித்துவிட்டது. நாலு மணியளவில் லேஞ்சித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு பட்டறைக்கு வந்தார். வெட்கக்காரர். திரும்பி நின்றுதான் கழற்றிக் கொடுத்தார்.

இருபது நிமிட வேலை. அக்ரிலிக் தூளைக் குழைத்து வெடிப்பில் வைத்து, காய்ந்ததும் அராவிவிட்டால் போதும். ஆனால் கொழும்பிலிருந்து தூள் வந்து மூன்று மாதமாகியிருந்தது. இருந்த கொஞ்சத்தையும் ஞானசேகரம் கோயில் குருக்கள் ஒருவருக்கென்று வைத்திருந்தார். இன்னொரு காரணமும் உண்டு. அதை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் பல மாதங்கள் ஆயின. கொடுத்த பல்லில் வெற்றிலைச் சாறு உறைந்திருந்தது. கம்பியின் அடியில் மத்தியானச் சோற்றின் பருக்கை ஒன்று. அந்த நேரத்தில் அதைத் தொட அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"நாளைக்கு வாங்கோ," என்றார்.

தம்பிராசா வெளியே போனார். ஞானசேகரம் வாசலுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்து பல்லைப் பார்த்தார். தெருவில் ஒரு வாகனம் நின்ற சத்தம். கதவொன்று திறந்து சாத்திய சத்தம். வாகனம் போன சத்தம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போன அந்த நாட்களில் வாகனம் நின்ற பக்கம் யார்தான் பார்த்தார்கள்?

மறுநாள் காலையில் குணேஸ்வரி தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டு வந்தாள். தையல் ரீச்சர். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. "இவர் நேற்று இந்தப் பக்கம் வந்தவரோ, அண்ணை?" என்று கேட்டாள். இல்லை என்றார். கடைசியாகப் பார்த்தவன் என்று பெயர் வந்தால் அடுத்த வாகனம் தன் வாசலில் நிற்கும். திரைக்குப் பின்னால், கிண்ணத்துத் தண்ணீரில் பல் கிடந்தது.

அதைக்கூட மன்னிக்கலாம் என்று அவர் சிலவேளை நினைப்பார். அடுத்ததை நினைத்தால்தான் கரண்டியும் கீழே விழும்.

ஏழு மாதம் கழித்துக் கிண்ணியாவிலிருந்து நெல் வியாபாரி கலீலுர் றஹ்மான் வந்தார். மகளின் கலியாணத்துக்கு முன் பல் வேண்டும் என்று நின்றார். அவருக்கும் அதே நான்கு முன்பற்கள்தான் இல்லை. புதிதாகச் செய்யத் தூள் போதாது. ஞானசேகரம் கிண்ணத்தில் கிடந்ததை எடுத்தார். மூன்று நாள் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். அண்ணத்தை அராவி, கம்பியை வளைத்து, மிச்சத் தூளால் வெடிப்பையும் ஓரத்தையும் கட்டி, கலீலுர் றஹ்மானின் வாய்க்குள் வைத்தார். "அச்சாப் பல்லு," என்று அவர் கண்ணாடியில் சிரித்தார்.

இப்போது அந்தப் பல் பேணியில் இருந்தது. பல் பொய் சொல்லாது என்று வருகிறவர்களிடம் ஞானசேகரம் பெருமையாகச் சொல்வதுண்டு. இதுவும் பொய் சொல்லவில்லை. இந்தப் பல் தம்பிராசாவின் வாயோடு கடலுக்குப் போயிருக்க முடியாது. அது மட்டும் உறுதி. அப்படியானால் கலீலுர் றஹ்மானின் வாயோடு போயிருக்க வேண்டும்.

அடுத்த நாள் விடியவே கிண்ணியாவுக்குப் புறப்பட்டார். லொறிகளையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு கடக்கும் மிதவைப் பாதையில், கம்பியைப் பிடித்தபடி நின்றார். பாதித் தண்ணீர் கடந்தபோது ஒன்று புரிந்தது. கலீலுர் றஹ்மான் செத்திருந்தால் நல்லது என்று தான் நினைத்துக்கொண்டிருப்பது. அந்த மனிதரும் இல்லையென்றால், பல் வாய் மாறிய கதை இனி யாருக்கும் தெரியவராது. கையொப்பம் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம். நினைப்பின் நாற்றம் தன் வாயிலிருந்தே வருவதுபோல் இருந்தது. தண்ணீரில் துப்பினார். துப்பிய பிறகு, அந்தத் தண்ணீரில் என்ன கிடக்கிறதோ என்று பார்வையை எடுத்துக்கொண்டார்.

கலீலுர் றஹ்மான் விறாந்தையில் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீன் குழம்பும் ரொட்டியும். முன்பல் இல்லாத ஈறால் மீன் சதையை நசுக்கி முள்ளை நாக்கால் தள்ளினார்.

"வாங்க டொக்டர், வாங்க. இரிங்க. றம்லா, இன்னொரு பீங்கான் கொண்டா."

"எனக்கு வேண்டாம், நானா. உங்கட பல்லு எங்க?"

"அத ஏன் கேக்கிறீங்க. மார்கழி மாசம் மூதூருக்கு லாஞ்சில போனன். கடலெண்டா கடல், அப்பிடிக் கடல். குடல் வாய்க்கு வந்துட்டு. சத்தியோட சத்தியா உங்கட பல்லும் போய்ட்டு."

உள்ளேயிருந்து மனைவி றம்லாவின் சிரிப்புக் கேட்டது. "மீனுக்குப் பல்லுக் கட்டிட்டு வந்திரிக்காரு."

"போனது நல்லம் டொக்டர்," என்றார் கலீலுர் றஹ்மான் குரலைத் தாழ்த்தி. "கோவிச்சிக்காதீங்க. அதப் போட்ட நாளிலரிந்து வாய்க்குள்ள வெத்தில வாசம். நான் ஒரு நாளும் வெத்தில போட்டவனில்ல. என்னத்தால அது?"

ஞானசேகரம் திரும்பி நடந்தார். வேலிப் பக்கம் போய், வெறும் வயிற்றிலிருந்து வந்ததைக் கக்கினார்.

மத்தியானம் பட்டறைக்குத் திரும்பியபோது சோமசேகரமும் குணேஸ்வரியும் காத்திருந்தார்கள். குணேஸ்வரியின் நெற்றியில் பொட்டில்லை. அது இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்திருந்தது. சோமசேகரம் படிவத்தை மேசையில் விரித்து, பேனையையும் திறந்து வைத்திருந்தார்.

ஞானசேகரம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எள்ளுருண்டை, குருக்களுக்கு வைத்த தூள், சோற்றுப் பருக்கை, வாகனச் சத்தம், கிண்ணம், கிண்ணியா, லாஞ்சு. சத்தி எடுத்ததையும் விடவில்லை. 

சோமசேகரம் பேனையை மூடினார். "அப்ப அந்த எலும்பு?"

"தெரியாது, ஐயா."

"தம்பிராசா?"

"தெரியாது."

"நீர் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்," என்றார் சோமசேகரம். படிவத்தை நாலாக மடித்து நாவலுக்குள் செருகினார். வாசலைத் தாண்டியதும் அவர் காறித் துப்பியது உள்ளே கேட்டது.

குணேஸ்வரி போகவில்லை. கதிரையில் அப்படியே இருந்தாள்.

"என்ன நேரம் வந்தவர்?"

"நாலு மணி இருக்கும், தங்கச்சி."

"என்ன கதைச்சவர்?"

"பல்லு வெடிச்சிட்டுது எண்டார். லேஞ்சியைப் பிடிச்சுக்கொண்டு கதைச்சபடியால் தெளிவில்லை."

"வெக்கம் அவருக்கு. எனக்கு முன்னாலயே கழட்டமாட்டார்." சேலைத் தலைப்பைக் கையில் எடுத்து, "அப்ப வாயைப் பொத்திக்கொண்டுதான் றோட்டில போயிருப்பார்," என்றாள். "மூஞ்சையை மறைச்சுக்கொண்டு போறவனை அண்டைக்கு ஆர் விட்டவன்?"

ஞானசேகரம் கையைச் சாரத்தில் துடைத்தார்.

"எந்தப் பக்கம் திரும்பினவர்?"

"பாக்கேல்லை."

"வாகனம் எவ்வளவு நேரத்தில நிண்டது?"

"கொஞ்ச நேரத்தில."

"கொஞ்ச நேரம் எண்டால்?"

அவர் ஸ்டூலைப் பார்த்தார்.

"அந்த நேரம் எதைப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்?"

"பல்லை."

குணேஸ்வரி எழுந்தாள். "அண்டைக்கு இருந்த மாதிரி இருங்கோ."

அவர் வாசலுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் பேணியிலிருந்து பல்லை எடுத்து, தயங்காமல், அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். குளிர்ந்து வழுவழுத்தது.

"அவர் நடக்கிற வேகம் எனக்குத் தெரியும். நான் இதில இருந்து நடக்கிறன். வாகனம் நிண்ட நேரம் எண்டு உங்களுக்குப் படேக்க 'இப்ப' எண்டு சத்தமாச் சொல்லுங்கோ. நான் அதில அடையாளம் வைப்பன். எவ்வளவு தூரம் போனவர் எண்டாவது எனக்குத் தெரியவேணும். திரும்பாதேங்கோ."

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது.

அன்று செய்ததையே அவர் திரும்பச் செய்தார். பல்லைத் திருப்பினார். அன்று பருக்கை இருந்த இடத்தில் இன்று சிப்பி. நகத்தால் சுரண்டினார். ஏதோ உடைந்து ஈரமாக விரலில் ஒட்டியது. "இப்ப," என்றார். உடனே சந்தேகம் வந்தது. வாகனம் நின்றது பருக்கையைக் கண்ட பிறகா, முன்பா? கண்ட பிறகுதான் முகத்தைச் சுளித்தார். சுளித்த பிறகுதான் சத்தம். "இப்ப," என்றார் மறுபடியும். இல்லை. எழுந்து கிண்ணத்தை எடுக்கப் போனபோதா? போயிருந்தால் ஜன்னலைக் கடந்திருப்பார். ஜன்னலைக் கடந்திருந்தால் பார்த்திருப்பார். "இப்ப," என்றார் மூன்றாம் தடவை. அந்தக் குரலை அவரே நம்பவில்லை.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. அவர் திரும்பினார். குணேஸ்வரி வாசலில் நின்றாள். விரல்களில் தையல் சோக்குக்கட்டியின் நீலம். அவளுக்குப் பின்னால், உட்துறைமுக வீதியின் தாரில் மூன்று நீலக் கோடுகள் தெரிந்தன. ஒன்று சந்தைக்குத் திரும்பும் ஒழுங்கைக்கு முன்னால். ஒன்று அந்த ஒழுங்கை வாயிலேயே. ஒன்று அதற்கும் அப்பால், காவலரணிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில்.

"எது, அண்ணை?"

முதல் கோடென்றால் அவரைப் பிடித்தது ஒரு தரப்பு, இரண்டாவதென்றால் வேறொரு தரப்பு, மூன்றாவதென்றால் காவலரண்காரர்கள். ஒவ்வொன்றிலும் தம்பிராசாவுக்கு வேறொரு முடிவு. ஒன்றில் அவர் இன்னும் எங்காவது உயிரோடு இருக்கவும் கூடும். மூன்றையும் போட்டது தன் வாய்.

ஒன்றைச் சொன்னால் அவள் போய்விடுவாள். எதையும் சொல்லலாம். குணேஸ்வரியின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் தலையைக் குனிந்து கையிலிருந்த பல்லைப் பார்த்தார். ஏறியிருந்த இரண்டாவது பல்லின் ஓரத்தில், இவ்வளவு உப்புக்கும் கடலுக்கும் பிறகும், ஒரு மயிரிழை அளவு வெற்றிலைக் கறை சிவப்பாக இருந்தது.

தெருவில் ஏதோ வாகனம் ஒன்று போனது.

நிமிர்ந்தபோது வாசல் வெறுமையாக இருந்தது. அவள் எந்தப் பக்கம் போனாள் என்று அவர் பார்க்கவில்லை.