எந்த இப்ப?

ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் உள்ள கல்லூரி ஆய்வகத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, தமிழ்வாணி கிரீன்லாந்தின் குளிரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் இரண்டு கோடுகள். நீலக்கோடு, அங்கே துளையிட்டு எடுத்த பனித்தண்டு சொல்வது. பழைய பனியடுக்கில் கனமான ஆக்சிஜன் குறைந்திருந்தால் அந்தக் காலம் குளிர்ந்திருந்தது என்று பொருள். சிவப்பு, அதே நூற்றாண்டுகளுக்குக் கணினியின் காலநிலை மாதிரி கணக்கிட்டுத் தந்தது. எண்ணூறு வருடங்களுக்கு முந்தைய ஒரு குளிரில் நீலம் முதலில் சரிந்தது. சிவப்பு ஐம்பது வருடம் கழித்துத்தான் சரிந்தது.

மாதிரி பிந்துகிறது. அவளுடைய ஆய்வேட்டில் புதிது என்று சொல்ல இருந்தது அது ஒன்றுதான். நாளைக் காலை, ஆய்வேட்டை மதிப்பிடும் குழுவின் முன் அது நின்றால் இந்த வருடமே பட்டம். விழுந்தால் இன்னொரு கேள்வியைத் தேட வேண்டும்.

வெளியே இருட்டத் தொடங்கியது. அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் சிவபாண்டி அவளை வண்டியூர் வீட்டுக்குக் கூட்டிப்போக வருவதாகச் சொல்லியிருந்தான். போன் போட்டாள்.

"எங்கண்ணே வார?"

"இந்தா, இப்ப வந்துட்டேன்."

போனுக்குள் லேத் இரைந்துகொண்டிருந்தது.

"மெஷினையும் வண்டியில வச்சுத் தூக்கிட்டு வாரியாக்கும்?"

"இங்கன நின்னு பாத்தா இப்பத்தான் புள்ள. ஒத்தக்கடையில நின்னு பாத்தா கொஞ்சம் லேட்டாத் தெரியும்."

"ஒன் இப்ப ஒனக்கு மட்டுந்தாண்ணே."

சிரித்தபடியே போனை வைத்தவள் திரைக்குத் திரும்பினாள். இரண்டு கோப்புகளிலும் முதல் நெடுவரிசையின் தலைப்பு ஒன்றே: 'இப்போதைக்கு முன், ஆண்டுகள்'.

எந்த இப்போது?

இந்தத் துறையில் 'இப்போது' என்றால் 1950 என்று முதல் வருடமே படித்திருந்தாள். மாதிரி எண்ணியதும் அதிலிருந்துதான். பனித்தண்டுக் கோப்போடு வந்த விளக்கத்தைத் திறந்தாள். அவர்களுடைய 'இப்போது' 2000.

நீலக்கோட்டை ஐம்பது வருடம் நம் காலத்தின் பக்கம் நகர்த்தினாள். அது சிவப்பின் மேல் போய்ப் படிந்தது. பிந்தலும் இல்லை, புதுச்செய்தியும் இல்லை. குழுவில் யாரும் இதைக் கேட்கப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் வழிகாட்டியான பேராசிரியர் சரண்யாதேவியை அழைத்தாள்.

"மேடம், மாதிரி சரியாத்தான் இருக்கு. நாந்தான் வருசத்தத் தப்பா எண்ணிட்டேன்." எங்கே தவறியது என்று விளக்கினாள்.

"நானும் தான வாணி பாத்தேன். எனக்கும் தோணலையே. நாளைக்கு என்ன காட்டப்போற?"

"ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு கெடக்கறத."

"பட்டம் தள்ளிப்போகும்."

"தெரியும் மேடம்."

"சரி, காட்டு. நான் பக்கத்துல இருக்கேன்."

சிவபாண்டி வந்து ஹாரன் அடித்தபோது வாசல் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"ரொம்ப லேட்டாயிருச்சா?" என்றான்.

"எங்க இருந்து எண்ணுறதுண்ணே?" என்றபடி அவள் வண்டியில் ஏறினாள்.