உள்ளே விட்ட துணி

தையல் கடையில் எனக்கு ஊசி என்று பெயர். மூன்று வருடம் முன்பு என் இடுப்பு முப்பத்தாறு, இப்போது இருபத்தாறு. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

சாப்பிட்ட கால் மணி நேரத்தில் மேல்வயிற்றை முறுக்கிப் பிழிவது போல வலி வரும். வயிற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை ஒரு நார்ப்பட்டை நசுக்குகிறதாம். கண்டுபிடிக்கவே ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை பார்த்த டாக்டரெல்லாம், "மனசைப் பாத்துக்கோங்க" என்றார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். போன வருடம் அந்தப் பட்டையை வெட்டினார்கள். நாலு மாதம் நிம்மதி. பிறகு மறுபடி அதே வலி.

இந்த வாரம் சர்ஜன் ஸ்கேன் படத்தைக் காட்டினார். "பட்டை போயிடுச்சு. ஆனா நசுங்கின குழாய் நிமிரலை. வயித்தைத் திறந்து மாத்துக் குழாய் வெச்சுத் தைக்கணும். பெரிய ஆபரேஷன். வலி முழுசாப் போகும்னு உறுதி சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

வெளியே வந்ததும் கணவரிடம், "வேண்டாங்க. இப்படியே சமாளிச்சுக்குவேன்," என்றேன். சூடு கண்ட பூனை நான்.

எங்கள் இருவருக்கும் ஒரே வேலை, துணிகளை அளவு திருத்துவது. கடையில் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. பிடித்துத் தைக்கலாம், மிஞ்சும் துணியை வெட்டக் கூடாது, உள்ளே விட வேண்டும். "உடம்பு இன்னைக்கு இளைக்கும், நாளைக்குத் தேறும். வெட்டின துணி திரும்பி வருமா?" என்பார். என் பாண்ட்டுகளையும் அப்படித்தான் பிடித்துவந்தேன். மடிப்பு மேல் மடிப்பு சேர்ந்து, உட்கார்ந்தால் இடுப்பில் குத்தும்.

வியாழக்கிழமை மதியம் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தையல் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தேன். அவர் என் கருப்புப் பாண்ட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இதை யார் பிடிச்சது?"

"நான்தான், காலையில."

"உள்ள இருந்த துணி எங்க?"

பார்த்தேன். தையலை ஒட்டி வெட்டி, ஓரம் பிரியாமல் ஓவர்லாக்கும் அடித்திருந்தேன். வெட்டியது ஞாபகமே இல்லை. பதினெட்டு வருடத்தில் வாடிக்கையாளர் துணியில் ஒருநாளும் செய்யாத தப்பு.

"குத்துதுன்னு வெட்டியிருப்பேன்," என்றேன்.

"இனிமே தேறவே மாட்டேன்னு முடிவு பண்ணிட்டியா?"

கேட்டவரின் குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது. சமாளிக்கிறேன் என்று வாய் சொல்லிக்கொண்டே இருக்க, கை தன்பாட்டுக்கு என்மேல் நம்பிக்கையை விட்டிருந்தது.

அவர் குப்பைக் கூடையைக் கவிழ்த்து, இரண்டு விரல் அகலத் துண்டுகளைப் பொறுக்கினார். "ஒட்டுப் போட்டுத் தரேன்."

"தையல் வெளியே தெரியுமே."

"தெரிஞ்சா தெரியட்டும்."

போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். சம்மதம் என்றேன். நர்ஸ் வயதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, எடை கேட்டாள்.

"முப்பத்தெட்டு கிலோ," என்றேன். "இப்போதைக்கு."