செம்பில் சுட்ட காகிதத் தட்டு

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வெளியே வந்தவள் சாப்பாட்டு மேஜையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவள் செய்த மூன்று தட்டுகளில் ஒன்றில் மாமனார் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த மற்ற இரண்டிலும் அவளுக்கும் அவள் கணவனுக்கும் ஆவி பறக்கப் பரிமாறி வைத்திருந்தார்.

அவை சாப்பிடுகிற தட்டுகளே அல்ல. செம்புத் தகட்டை விளிம்பு நெளிந்த காகிதத் தட்டு போலத் தட்டி, வெள்ளைக் கண்ணாடித் தூளைத் தூவி உலையில் உருக்கி, எண்ணெய்க் கறைகூட அச்சு அசலாக வரும்படி எனாமல் பூசியிருந்தாள். தின்றதும் குப்பையில் எறிகிற தட்டை அழியாத பொருளில் செய்து, கண்காட்சியில் பெரிய மேஜை போட்டுப் பரப்ப வேண்டும் என்பது அவள் ஆசை. இத்தனைக்கும் இந்த வீட்டில் கணவன் பார்சலைக் கணினி முன்னால்தான் பிரிப்பான். அவள் உலைக்குப் பக்கத்தில் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். மேஜையில் மாமா மட்டும்தான். எப்படி அடுக்கினால் எடுப்பாக இருக்கும் என்று பார்க்க மூன்று தட்டுகளை அங்கே வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். மனுஷன் அதைச் சேர்ந்து சாப்பிட அழைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றும் அவசரத்தில் சுட்ட மாதிரிகள். பின்பக்கமும் பூச்சு கொடுத்தால்தான் கண்ணாடி செம்பைப் பிடித்து நிற்கும், இல்லாவிட்டால் சூடு பட்டதும் தெறிக்கும். கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பு. மாதிரிதானே என்று பின்பக்கம் பூசாமல் விட்டிருந்தாள். பாவி, என்ன அலட்சியம்!

"மாமா, துப்புங்க! வாயில இருக்கறதத் துப்புங்க!"

அவர் பதறிப்போய் உள்ளங்கையில் துப்பினார். "ஏம்மா? உப்பு கொஞ்சம் தூக்கல்தான். அதுக்குன்னு இப்படியா?"

அவருடைய தட்டின் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து செம்பு பல்லை இளித்தது.

"நறுக்குன்னு ஏதாவது கடிபட்டுதா மாமா?"

"ஒரு தடவ. கல்லுன்னு நெனச்சேன். முழுங்கிட்டேன்."

அவள் போட்ட சத்தத்தில் கணவன் ஓடிவந்தான். ஆஸ்பத்திரிக்குப் போன் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. "ஆம்புலன்ஸ் வருது. அதுவரைக்கும் தண்ணிகூடக் குடுக்கக் கூடாதாம். எவ்ளோ பெரிய துண்டுன்னு பாத்துச் சொல்லச் சொல்றாங்க."

இருவரும் குனிந்து அவர் தட்டுச் சோற்றைப் பருக்கை பருக்கையாகப் பிரித்தார்கள். வெள்ளைச் சோற்றில் வெள்ளைக் கண்ணாடி. எது பருக்கை, எது சில்லு என்று கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்தாள். விரல் நுனியில் ரத்தம் கசிந்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை. ஒன்று கிடைத்தது. இரண்டு. துப்பிய சோற்றில் இன்னொன்று. துடைத்துத் துடைத்துப் பெயர்ந்த இடத்தில் வைத்துப் பொருத்தினாள். சில்லுகள் நகர்ந்துகொண்டே இருந்தன. கடைசியில் நகக்கண் அளவுக்கு, ஒரு முனை ஊசியாகக் கூர்ந்த இடம் மட்டும் நிரம்பவில்லை.

கணவன் கையைச் சோற்றிலிருந்து எடுக்கவில்லை. இன்னும் தேடிக்கொண்டிருந்தான்.

"நீங்க ரெண்டு பேரும் சாப்பிடலயா? ஆறுது பாருங்க" என்றார் மாமா.

அவர் எச்சிலை விழுங்கினார். குரல்வளை மெல்ல ஏறியது. அது இறங்கும்வரை இருவரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.