பின்சுவர்

அப்பா பெயிண்ட் வேலைக்கு விலை சொல்வதற்கு முன் வீட்டின் முன்பக்கத்தை மட்டும்தான் அளப்பார். காலால் அடி வைத்து அளந்து, அதை நாலால் பெருக்கிக்கொள்வார். "நாலு பக்கமும் ஒண்ணுதான கீது," என்பார். என் படிப்பு நின்றதிலிருந்து சுவர் சுரண்டவும் விரிசலை அடைக்கப் பட்டி பூசவும் நான் அவரோடு போகிறேன்.

மாடம்பாக்கத்து ராஜகோபால் சாரின் இரண்டு மாடி வீட்டுக்கும் அப்படித்தான் சொன்னார். சார் தட்டில் வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸை வைத்து நீட்டினார். அப்பா கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். தட்டை வாங்கிவிட்டால் லோகு பேச்சு மாற மாட்டான் என்று பெயிண்டர்கள் நடுவில் அவருக்கு ஒரு பெயர்.

வேலை ஆரம்பித்த பிறகுதான் பின்பக்கம் போனோம். அடுத்த மனையில் அஸ்திவாரம் தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளம் சாரின் சுவரை ஒட்டியே இறங்கியது. அடியில் மழைத்தண்ணீர். அதற்கு மேலே தூண் கம்பிகள் நிமிர்ந்து நின்றன.

சாரம் கட்டும் குப்புராஜ் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"கொம்பு ஊன எடம் எங்க லோகு? நீ பேசினது மொத்தமும் எனக்கே பத்தாது. தட்ட வாங்கறதுக்கு முன்னாடி பின்னால ஒரு நட வந்திருக்கலாம்ல?"

அப்பா வாசலுக்குப் போனார்.

"சார், பின்னாடி கொஞ்சம் ஜாஸ்தியாவும் போல."

"மொத்தமா இவ்வளவுன்னு நீங்கதானே சொன்னீங்க?" சார் பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை.

"ஆமா சார்."

மறுநாள் அப்பா சாரத்துக்குப் பதிலாக, தொங்கி உட்காரப் பலகையும் முடிச்சுப் போட்ட கயிறும் கொண்டுவந்தார். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் தண்ணீர் ஓட்டைகளில் கயிற்றை விட்டுக் கட்டினார். கட்டிய இடத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல். விரலால் தட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லாத சத்தம்.

"அப்பா, சுவரு வெடிச்சிகினு கீது."

"ஊர்ல எல்லா சுவரும் வெடிச்சிகினுதான் கீது. அதனாலதான் நமக்கு சோறு."

சிரித்துக்கொண்டே பலகையில் உட்கார்ந்து இறங்கினார். நான் விரிசலின் குறுக்கே கொஞ்சம் பட்டி இழுத்துவிட்டேன். சுவர் அசைந்தால் காய்ந்த பட்டி காட்டிக்கொடுத்துவிடும்.

மத்தியானம் பெயிண்ட் டப்பாவை இறக்கப் போனபோது பட்டி பிளந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகம் நுழையும் அளவுக்கு அகன்றது.

"அப்பா, மேல வா."

"இன்னும் ஒரு கைதான். டப்பாவ இறக்கு."

நான் இறக்கவில்லை.

"இறக்குடி. சார் பாத்தா இன்னா நெனப்பாரு?"

டப்பாவைத் தூரமாக வைத்துவிட்டு வந்து நின்றேன். திட்டினார். பிறகு முடிச்சு முடிச்சாகப் பிடித்து ஏறினார். ஒவ்வொரு இழுப்புக்கும் சுவரிலிருந்து மணல் என் கால் மேல் கொட்டியது. தலை தெரிந்ததும் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அப்பா விரிசலைப் பார்த்தார். கீழே கம்பிகளைப் பார்த்தார். இனி சாரிடம் போய்ச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

"என்ன லோகு, எப்ப முடியும்?"

அப்பா விரிசலை மறைத்து நின்றார். "நாளைக்கு, சார்."

சார் இறங்கிப் போகும்வரை அப்படியே நின்றார்.

"அதுல பட்டி வெச்சு ஒரு கோட்டிங் அடிச்சிடு. நாளைக்கு அந்தக் கோடியில கட்டிக்கலாம்."

நான் அந்தக் கோடிக்குப் போய்ச் சுவரைத் தட்டினேன். அங்கேயும் அதே சத்தம். திரும்பிப் பார்த்தபோது அப்பா கயிற்றை அவிழ்த்து என் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.