காஜாக்கா தைத்த சீருடைகள்

நீதிபதியின் உத்தரவு இல்லாமல் சைக்கிள் கடைக்காரரின் வீட்டுக்குள் நுழைந்து பீரோவைத் திறந்தபோது, இன்ஸ்பெக்டரின் சட்டைப்பைப் பொத்தான்கள் இரண்டும் தாமாகவே கழன்று தரையில் விழுந்து, உருண்டு, வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டன. அது ஒரு செவ்வாய்க்கிழமை. வானம் தெளிவாக இருந்தது. இன்ஸ்பெக்டர் நூலைத் திட்டிவிட்டு பீரோவின் அடுத்த தட்டில் கைவைத்தார். தோள்பட்டைப் பொத்தான்களும் போயின. சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கிய வீட்டுக்காரம்மா, அந்த நடுக்கத்திலும் மனசு கேட்காமல், "ஊசி நூல் தரட்டுமா சார்?" என்று கேட்டாள். இன்ஸ்பெக்டர் பீரோவை மூடிவிட்டு, சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். சைக்கிள் கடைக்காரர் எதற்காகச் சந்தேகிக்கப்பட்டார் என்பது அவருக்கும் கடைசிவரை தெரியவில்லை, இன்ஸ்பெக்டருக்கும் தெரியாது.

அந்தச் சீருடையைத் தைத்தவள் காஜாக்கா. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், ஜெராக்ஸ் கடையின் மாடியில் அவளுடைய தையல் கடை. பொத்தான் துளைக்கு அவள் எடுக்கும் காஜா கிழிந்ததாகச் சரித்திரமே இல்லை என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் இருந்தது. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபிறகு தங்கைக்கு எல்லாம் அவள்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "இவ படிச்சு முடிக்கட்டும்" என்று தள்ளிப்போட்டாள். தங்கையோ சட்டம் படித்தாள்; சட்டப் படிப்பு அவ்வளவு சீக்கிரம் முடிகிற சமாச்சாரம் இல்லை.

தங்கைக்கு உரக்க வாசித்தால்தான் மனதில் நிற்கும். விடுதியில் அறைத்தோழிகள் காதைப் பொத்திக்கொண்டு முறையிட்டதால், மாலையானால் அக்காவின் கடைக்கு வந்து, துணி வெட்டும் மேசைமேல் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு அரசியல் சாசனத்தை வாசிப்பாள். அக்காவுக்கு அதில் ஒரு வரி புரியாது. ஆனால் அந்தக் குரல் கேட்டால் மெஷின் சீராக ஓடியது; கேட்காத நாளில் நூல் சிக்கியது. காவல் நிலையத்துச் சீருடை வேலை அவளுக்குக் கிடைத்தது இந்தக் காலத்தில்தான். அவள் எப்போதும் மேலிருந்து கீழே தைப்பவள், தங்கை எப்போதும் முதல் பக்கத்திலிருந்து வாசிப்பவள். ஆகவே பேச்சுரிமை காலர் பொத்தானுக்குள் போனது. ஆயுதமில்லாமல் கூடும் உரிமை மார்புப் பொத்தான்களுக்குள் போனது. வீட்டைக் காரணமின்றிச் சோதனை போடக்கூடாது என்பது பைகளுக்கும், சட்டையில் கடைசியாக வைத்துத் தைக்கும் தோள்பட்டைப் பட்டிக்கும் சேர்ந்தது. கைது, காவல், சிறை பற்றிய நீண்ட பகுதி முழுவதும் பேண்ட்டின் இடுப்புக் கொக்கியில் இறங்கிவிட்டது.

பிறகு நடந்ததெல்லாம் இந்த வரிசைப்படிதான் நடந்தது. "இந்தப் பத்திரிகையெல்லாம் விக்கக் கூடாது" என்று பெட்டிக்கடைக்காரரை மிரட்டிய கான்ஸ்டபிளின் காலர் பொத்தான் தெறித்துப் பக்கத்தில் நின்றவரின் டீ கிளாசில் விழுந்தது. பூங்காவில் அமைதியாகப் பேசிக்கொண்டிருந்த மாணவர்களைக் கலைக்கப் போனவர்கள் மார்பு திறந்த நிலையில் திரும்பினார்கள், ஒருவருக்கு ஜலதோஷமும் பிடித்தது. ஏட்டய்யா என்று எல்லோரும் கூப்பிட்ட வயிறு பெருத்த ஏட்டு, ஒரு லாரி டிரைவரைக் காரணம் சொல்லாமல் லாக்கப்பில் போட்டுப் பூட்டைத் திருகிய நொடியில் அவருடைய பேண்ட் கணுக்காலுக்கு இறங்கியது. டிரைவர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊரார் முதலில் வாய்விட்டுச் சிரித்தார்கள், பிறகு பாவம் பார்த்து வீட்டில் உபரிப் பொத்தான் வைத்திருக்கத் தொடங்கினார்கள். தான் தைத்த துணியில் இப்படியா என்று காஜாக்கா வெட்கப்பட்டு, எல்லாவற்றையும் திரும்ப வாங்கி இரட்டை நூலில் தைத்துக் கொடுத்தாள். மேசைமேல் தங்கை வாசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போலீஸ்காரர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. எது செய்தால் எந்தப் பொத்தான் போகும் என்று தெரிந்துகொள்ள அவர்கள் சாசனத்தை மனப்பாடம் செய்தார்கள். காலை அணிவகுப்பு முடிந்ததும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்கள். ஏட்டய்யா ஏற்கெனவே பட்டவர் என்பதால் இடுப்புக் கொக்கிப் பகுதியை அட்சரம் பிசகாமல் சொல்வார். ஓரிரு வருஷத்தில் பொத்தான் விழுவது அநேகமாக நின்றேபோனது. அந்தக் காலத்தில் ஊர் நன்றாக இருந்தது. ஜனங்கள் நினைத்ததைப் பேசினார்கள், பேசிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்கள்.

அப்போதுதான் தலைநகரிலிருந்து அந்தப் புதிய ஆணை வந்தது. நாட்டின் அமைதிக்காக யாரையும் காரணம் சொல்லாமல் பிடித்து வைக்கலாம், நாலு பேர் சேர்ந்து நிற்கக் கூடாது. ஆணையோடு ஒரு புது அதிகாரியும் வந்தார். அவருடைய சீருடை தலைநகரில் தைத்தது. அது எதையும் கேட்டதில்லை. தங்கை பேருந்து நிலையப் படிக்கட்டில் ஏறி நின்று, அந்த ஆணையை வரிவரியாகப் படித்து, எந்த வரி எங்கே தப்பு என்று அவள் வழக்கமான குரலில் சொன்னாள். அந்தக் குரல் கடைசி பஸ் நிற்கும் இடம்வரை கேட்கும். அதிகாரி கைது செய்யச் சொன்னார். போலீஸ்காரர்கள் அத்தனை பேரும் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிடிக்கக் கை மிச்சமில்லை. கடைசியில் அதிகாரியே போய் அவளைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார். அவருடைய கொக்கி அசையவில்லை.

ஆனால் ஓர் ஆள் ஓர் ஊரையே பிடித்து உள்ளே போட முடியாது. தலைநகரிலிருந்து மூட்டையாக வரவழைத்த சீருடைகள் எல்லாம் ஒல்லிக்குச்சி அளவு, அதில் ஏட்டய்யாவின் ஒரு காலைக்கூட நுழைக்க முடியவில்லை. மந்திரி வேறு பார்வையிட வரப்போகிறார். அதிகாரி விசாரித்து, தங்கையின் வாசிப்புதான் நூலில் ஏறுகிறது என்று தெரிந்துகொண்டு காஜாக்காவைக் கூப்பிட்டனுப்பினார். ஸ்டேஷன் மாடியில், பின்பக்க அறையில், கதவைச் சாத்திக்கொண்டு அவள் எல்லோருக்கும் புதிதாகத் தைக்க வேண்டும். வாசிப்பு இருக்கக்கூடாது, பேச்சு இருக்கக்கூடாது. தைத்து முடித்தால் தங்கையை விட்டுவிடுவார். முடியாதென்றால் தூரத்துச் சிறைக்கு அனுப்பிவிடுவார்; அடுத்த மாதப் பரீட்சையை அவள் மறந்துவிட வேண்டியதுதான். காஜாக்கா யோசிக்கக்கூட இல்லை. சரி என்றாள்.

லாக்கப் கம்பிக்குப் பின்னாலிருந்து தங்கை கத்தினாள். "எனக்காக ஊரையே காட்டிக் குடுக்கப் போறியா அக்கா?"

"ஊருக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. எனக்கு நீ ஒருத்திதான்."

"நான் உன்கூடப் பேசமாட்டேன்."

"பேசாதே. சாப்டியா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

தங்கை சாப்பிட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மெஷினை நாலு கான்ஸ்டபிள்கள் மாடிக்குத் தூக்கிப்போனார்கள். சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள ஏட்டய்யாவை அறைக்குள் காவல் போட்டார்கள். காஜாக்கா குண்டூசிகளை உதட்டுக்கிடையே கவ்விக்கொண்டு உட்கார்ந்தாள். வேலை ஓடவே இல்லை. ஊசி உடைந்தது, பாபினில் நூல் சுற்றிக்கொண்டது, இவ்வளவு வருஷத்தில் முதன்முறையாக ஒரு காஜா கோணிக்கொண்டு போனது. தங்கை வெளியே வந்தால் போதும் என்றுதான் தைத்தாள். ஆனால் கீழே ஜன்னல் வழியாகத் தெரிந்த தெருவில் டீக்கடையில்கூட ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாக நின்று குடிப்பதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது. குண்டூசி இருந்ததால் சத்தமில்லாமல் அழுதாள்.

ஏட்டய்யா அவள் அழுவதைப் பார்த்தார். பிறகு எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"அம்மா, ஒரு உதவி. என்னோடதை மட்டும் பழைய மாதிரியே தச்சுடுங்க."

காஜாக்கா பயந்துபோய்க் குண்டூசிகளை எடுத்தாள். "என்னங்க நீங்க? தெரிஞ்சா தங்கச்சியை விடமாட்டாங்க."

"நீங்க வாயே திறக்க வேண்டாம். நான் பாத்துக்கறேன்." அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பினார். "நாளைக்கு அந்த ஆளு, போய் அந்தக் கூட்டத்தை அடின்னுவாரு. முடியாதுன்னு சொல்ற தைரியம் எனக்குக் கிடையாதும்மா. வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து 'எஸ் சார்' சொல்லியே பழகின வாயி. இப்பல்லாம், 'பேண்ட் அவுந்துடும் சார்'னு சொல்லித் தப்பிச்சுக்கறேன். மனுஷனா இருக்க எனக்கு அந்த ஒரு சாக்குதான் இருக்கு. அதையும் புடுங்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல முதல் பகுதியிலிருந்து ஆரம்பித்தார். காஜாக்கா மெஷினை நிறுத்தியிருக்கலாம். அவர் முடிக்கும்வரை காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தால் நூல் எதையும் கேட்டிருக்காது, தங்கைக்கும் ஆபத்து வந்திருக்காது. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. குண்டூசிகளைத் திரும்ப உதட்டில் வைத்துக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தாள். மெஷின் வெண்ணெயாக ஓடியது.

மறுநாள், அளவு சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஒரு கான்ஸ்டபிள் மேலே வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார். கடைசியில் பொத்தான் பறிகொடுத்த பழைய இன்ஸ்பெக்டரும் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து நின்றார். ஒவ்வொருவரும் அவரவர் சட்டைக்கு அவரவரே ஒப்பித்தார்கள். தடுமாறியவர்களுக்கு ஏட்டய்யா அடி எடுத்துக் கொடுத்தார். கீழே அதிகாரிக்கு மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. வேலை சுறுசுறுப்பாக நடப்பதில் திருப்திப்பட்டு, மந்திரி வரும் நாளுக்குத் தமக்கும் ஒரு ஜோடி தைக்கச் சொல்லி அளவு கொடுத்தார். அந்த ஜோடிக்கு ஸ்டேஷனே சேர்ந்து ஒப்பித்தது. கொக்கி வந்தபோது ஏட்டய்யா இரண்டு தடவை சொன்னார்.

மந்திரி வரும் காலை, எல்லோரும் புதுச் சீருடையில் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். பார்க்கக் கண் கொள்ளவில்லை. காஜாக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

"தச்சு முடிச்சுட்டேன் சார். தங்கச்சியை அனுப்புங்க."

அதிகாரி ஜீப்பின் பக்கக் கண்ணாடியில் தம் தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டே, "எதுக்கு அனுப்பணும்? அவ இங்கேயே இருக்கட்டும்," என்றார்.

அந்த வாக்கியம் முடிவதற்குள் கொக்கி கழன்றது. அதிகாரி இரண்டு கையாலும் பேண்ட்டைப் பிடித்தார். பெல்ட்டை இறுக்கினார்கள், பக்கிள் திறந்துகொண்டது. ஊக்கு குத்தினார்கள், ஊக்கு வாயைப் பிளந்தது. கயிறு கட்டினார்கள், முடிச்சு மரியாதையாக அவிழ்ந்தது. தெருமுனையில் மந்திரியின் கார் சைரன் கேட்டது. வரிசையில் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை; அந்தக் கட்டுப்பாட்டை எந்தப் பயிற்சியிலும் கற்றுத்தர முடியாது.

ஏட்டய்யா ஓர் அடி முன்னால் வந்தார். "சார், சாவி எங்கிட்ட இருக்கு. காரணமில்லாம வெச்சிருக்கிற ஆளை விட்டுட்டா நின்னுடும் சார். பட்டவன் சொல்றேன்."

அதிகாரி சைரனைக் கேட்டார், கீழே குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார். பூட்டு திறந்தது. தங்கை வெளியே கால் வைத்த அதே கணத்தில் கொக்கி தானாகப் போய் மாட்டிக்கொண்டது. மந்திரிக்கு அன்று கிடைத்த சல்யூட் மாதிரி அதற்குமுன் எந்த ஊரிலும் கிடைத்ததில்லை. அவர் சீருடையின் மிடுக்கைப் பார்த்து வியந்து, யார் தைத்தது என்று கேட்டு, தமக்கும் ஒரு சூட் தைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவும் தங்கையும் வீட்டுக்கு நடந்தார்கள். பேசமாட்டேன் என்று சொன்னவள் தெருமுனை வரைகூடத் தாங்கவில்லை.

"ஏட்டய்யா சொன்னாரு. அவங்க ஒப்பிச்சதுல உனக்கு ஒரு பங்கும் இல்லையா?"

"நான் தச்சேன். அவ்வளவுதான்."

"நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கலாமே. என்னை விடாம போயிருந்தா?"

"வாயில குண்டூசி இருந்துச்சு," என்றாள் காஜாக்கா. பிறகு நடுத்தெருவில் நின்று, தங்கையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, இரண்டாம் முறையாக, இந்தத் தடவை நன்றாகச் சத்தம் போட்டு அழுதாள்.

தங்கை பரீட்சையில் தேறி வக்கீலானாள். மந்திரி புது சூட்டோடு சபையில் எழுந்து, அந்த ஆணையை இன்னொரு வருஷத்துக்கு நீட்டிக்கலாம் என்று ஆரம்பித்தவர், பாதியில் உட்கார்ந்துவிட்டு, உட்கார்ந்தபடியே அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். காரணத்தைப் பத்திரிகைகள் உடல்நலக்குறைவு என்று எழுதின. நீதிமன்றத்தில் பிற்பாடு ஒரு வழக்கமே ஏற்பட்டுவிட்டது. கைது முறைப்படிதான் நடந்தது என்று எந்தப் போலீஸ்காரராவது சொன்னால் நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதலில் அவருடைய சட்டையைப் பார்ப்பார். ஏட்டய்யா ஓய்வு பெற்ற வாரம் சாதாரணச் சட்டைத் துணியோடு காஜாக்காவிடம் வந்தார். தங்கை புத்தகத்தை எடுக்க எழுந்தபோது, "வேண்டாம்மா, இதைச் சும்மா தச்சாப் போதும். எனக்கே பழகிடுச்சு," என்றார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதன்முதலாகக் கடைத்தெருவுக்குப் போன அன்று, வேலைக்குப் புதிதாக வந்திருந்த இளம் சப்-இன்ஸ்பெக்டர் பழக்கடைக்காரர் ஒருவரின் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஏட்டய்யா குறுக்கே போய் நின்று, குரல் கொஞ்சம் நடுங்க, "என்ன காரணம்னு அவர்கிட்ட சொல்லிட்டுப் புடிங்க சார். இல்லேன்னா விட்டுடுங்க," என்றார். சப்-இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார், தம் இடுப்பைப் பார்த்தார், பிடியை விட்டார். பழக்கடைக்காரர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு வியாபாரத்தைக் கவனிக்கப் போனார். யாரும் கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கவில்லை.