பின்னாலிருந்து வந்த சிம்பல்

கிட்வே சந்தைக்குப் பின்னால் முசொண்டாவின் ஒலிப்பதிவுக் கூடம் ஒரே அறைதான். சத்தம் அடங்கச் சுவரெல்லாம் பழைய மெத்தை. காலையிலிருந்து அங்கே சிலுஃப்யா ஒரே வரியைப் பாடிப் பாடிக் களைத்திருந்தாள்.

பிறவியிலேயே பார்வை இல்லாதவள். தேவாலயத்தில் அவள் குரலெடுத்தால் சபையே எழுந்து நிற்கும். ஆனால் எப்போது எடுப்பதென்று இருபது வருஷமாய்ச் சொன்னது தம்பி கபாசோவின் கை. பக்கத்தில் நின்று தோளை அழுத்துவான், இவள் பாடுவாள். போன மாதம் தொலைவில் சொல்வேசி சுரங்கத்தில் வேலை கிடைத்து அவன் போய்விட்டான்.

இந்தப் பாட்டில் நடுவே வாத்தியமெல்லாம் நின்றுபோகும். எட்டு எண்ணிக்கை மௌனம். பிறகு அவள் குரலும் வாத்தியங்களும் ஒன்றாய் விழ வேண்டும். பதினோரு தடவை பாடியும் முந்தினாள், இல்லை பிந்தினாள். ஹெட்போனில் முசொண்டா எண்ணிக் காட்டியும் பார்த்தான்.

"நீ எண்ணினா எனக்குப் பாட்டு வரலப்பா, கணக்குதான் வருது" என்றாள்.

"கபாசோவை ரெண்டு நாள் வரச் சொல்லலாமாக்கா?"

"சொன்னா வேலையை விட்டுட்டு வந்து நிப்பான். அவன்கிட்ட மூச்சு விடாத. வேற யாரையாவது வெச்சுப் பாடிக்கோ."

"சும்மா இருங்கக்கா. வெளிய உக்காந்து கொஞ்சம் முன்கோயோ குடிங்க."

அவள் போனதும் டிரம்ஸிலிருந்த பெரிய சிம்பல் தட்டை ஒரே அடி அடித்து, ரீங்காரம் முழுக்க அடங்கும்வரை பதிவு செய்தான். கணினியில் அதை முன்பின்னாகத் திருப்பினான். இப்போது ஒலி ஒன்றுமில்லாததிலிருந்து காற்றுபோலக் கிளம்பி, ஏறி, உச்சத்தில் சட்டென்று அறுந்தது. அதை மௌனத்தின் மேல் வைத்து அவளைக் கூப்பிட்டான்.

அரை எண்ணிக்கை பிந்தினாள்.

சிலுஃப்யா ஹெட்போனைக் கழற்றப் போனாள். "இருங்கக்கா, தப்பு என்னுது" என்றான். ஒலி அறுகிற இடத்தில்தான் பாட்டு தொடங்க வேண்டும். அவன் வைத்ததோ எட்டு எண்ணிக்கையைத் தாண்டி நீண்டிருந்தது. கொஞ்சம் முன்னால் தள்ளினான்.

"என்னடா இது, யாரோ முன்னால பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு?"

"இழுக்கட்டும். விட்டதும் பாடுங்க."

ஒலி ஏறியது. அவள் நெஞ்சு நிறைய மூச்சிழுப்பது அவனுக்குத் தெரிந்தது. அறுந்தது. குரலும் வாத்தியங்களும் ஒன்றாய் விழுந்தன.

முசொண்டா நம்பாமல் இன்னும் இரண்டு தடவை பாட வைத்தான். இரண்டும் சரியாகவே விழுந்தன. நாற்காலியில் சாய்ந்தபோதுதான் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது உறைத்தது.

"ஞாயித்துக்கிழமை சபையிலயும் இதைப் போட முடியுமா?" என்று கேட்டாள்.

"ஸ்பீக்கர்ல போட்டுடலாம்க்கா."

"அப்போ கபாசோ அங்கேயே இருக்கட்டும்" என்றவள், சுவரைத் தடவி உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள். "பசிக்குதுடா. என்ன இருக்கு?"