இடது தோள்

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரக் குளியல்கூடத்தில் பெண்களுக்கு உடம்பு தேய்த்துவிடுவது என் வேலை. ரொட்டிக்காரி மப்ரூக்காவின் கழுத்தில், இடப்பக்கம், பழைய தசைமுடிச்சு. அழுத்தினால் வலி கண்ணுக்குப் பின்னால் ஏறும். மாவு பிசைந்தபடி, போனைத் தோளில் இடுக்கி, துனிஸில் இருந்த மகனோடு தினமும் பேசுவாள். நான் திட்டினால் கேட்கிற ஜென்மமா?

ஏப்ரலில் அவன் இத்தாலிக்குப் படகேறினான். ஐந்து மாதமாக அவனிடமிருந்து ஒரு அழைப்பும் இல்லை. முடிச்சு கரைந்திருக்க வேண்டும்.

"என்னடி, கல்லு மாதிரி இருக்கு. இப்ப யார்கிட்ட பேசுற?"

"யார்கிட்டயும் இல்லக்கா."

"அப்புறம்?"

"போன் தோள்லதான் இருக்கும். அவன் கூப்பிடறப்ப கையெல்லாம் மாவா இருந்தா?"

நான் முடிச்சை அப்படியே விட்டுவிட்டு வலது தோளைத் தேய்க்கத் தொடங்கினேன்.